பட்டாளத்துக்காரர் வெறுங்கையோடு நின்றால்: கேள்வி பதில்

காலாட்படையில் இருபது வருஷம் இருந்தேன். அதில் ஏழு வருஷம் ரெக்ரூட்களுக்கு பி.டி. உஸ்தாத், அதாவது புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உடற்பயிற்சி ஆசிரியர். பென்ஷன் வாங்கி ஊர் வந்த பிறகு மாலையில் ஜூடோ சொல்லித்தருகிறேன். “ராணுவத்தில் இருந்தவருக்கு ஆயுதம் இல்லாமலும் தற்காத்துக்கொள்ளத் தெரியும்தானே?” என்று ஒருவர் கேட்கப்போய், அதையொட்டி நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. முடிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

முருகேசன், திருப்பத்தூர்: என் மகன் அக்னிவீரராகப் போகிறான். நாலு வருஷம் கழித்து வரும்போது வெறுங்கையோடு யாரையும் சமாளிப்பானா அண்ணே?

நன்றாக ஓடுவான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடி உள்ளே போகிற பையன், அப்புறம் சுமையும் துப்பாக்கியுமாக 5 கிலோமீட்டர் ஓடிப் பழகுவான். தெருச் சண்டையில் அதைவிடப் பெரிய வித்தை கிடையாது.

கைச்சண்டை என்று கேட்டால், கொஞ்சம்தான். பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி துப்பாக்கி, ட்ரில், காடு மேட்டில் நடமாடும் முறை, உடற்பயிற்சி ஆகியவற்றுக்கே போய்விடும். நான் சொல்லிக்கொடுத்த காலத்தில் ‘அன்ஆர்ம்டு காம்பாட்’ என்கிற வெறுங்கைச் சண்டை பீரியடில் இரண்டு வரிசை எதிரெதிரே நிற்கும். உஸ்தாத் ‘ஏக்’ என்றால் ஒரு வரிசை கையை நீட்டும், ‘தோ’ என்றால் மறு வரிசை அதைப் பிடித்துத் திருகும், ‘தீன்’ என்றால் நீட்டியவன் விழுவான். விழ மறுக்க மாட்டான், மறுத்தால் அவனுக்கு மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் நிஜத்தில் எவனும் கையை நீட்டிக்கொண்டு ‘தோ’ வரும்வரை காத்திருக்க மாட்டான்.

ஷாஜகான், வாணியம்பாடி: கமாண்டோ என்றால் பத்துப் பேரை அடிப்பாராமே?

சினிமாவில்.

அருள்மொழி, கோவை: பயன் இல்லையென்றால் ராணுவங்கள் ஏன் இதைச் சொல்லிக்கொடுக்கின்றன?

பயன் இல்லை என்று சொல்லவில்லை, பயன் வேறு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குக் கைச்சண்டை கற்றுக்கொடுத்த ஃபேர்பேர்ன், ஷாங்காய் நகரப் போலீஸில் பல வருஷம் அடிதடிக்கு நடுவே வேலை பார்த்தவர். அவர் தந்தது நாலைந்து முரட்டு அடிகள்தான். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாடையைக் கீழிருந்து மேலே தள்ளுவது அவற்றில் ஒன்று. முஷ்டியால் மண்டையில் குத்தினால் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு உங்களுக்குத்தான் உடையும், உள்ளங்கைக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனால் அவர் தயார் செய்தது எதிரியின் காவலாளி மேல் பின்னாலிருந்து பாயப்போகும் ஆட்களை. இடுப்பில் கத்தி இருக்கும், கூட ஆள் இருக்கும், கொன்றாலும் கேள்வி இல்லை. பஸ் ஸ்டாண்டில் சட்டையைப் பிடிக்கிறவனிடம் இதில் எதுவுமே பொருந்தாது.

இன்னொரு பயன் மனசுக்கு. நெருங்கிப் போ, பயந்து பின்வாங்காதே என்பதைத்தான் பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) பயிற்சியும் குத்துச்சண்டையும் உள்ளே ஏற்றுகின்றன. சிப்பாய்க்கு அது வேண்டும். தற்காப்புக்கோ நேர் எதிராக, விலகிப் போகத் தெரிய வேண்டும்.

1995இல் அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் என்கிற சிறப்புப் படையின் பட்டாலியன் ஒன்றில் இந்தப் பழைய பாடங்களைச் சோதித்துப் பார்த்து, உதவாது என்று முடிவு கட்டினார்கள். அதற்குப் பதில் பிடித்து மடக்குகிற பிரேசிலிய ஜியு ஜிட்சுவை அடிப்படையாக வைத்தார்கள். அந்தப் பிடிகளில் தனி மந்திரம் இருந்தது என்பதால் அல்ல, எதிராளி முழு பலத்தோடு முரண்டு பிடிக்கும்போதே அதைப் பழகலாம் என்பதால்தான். பிறகு 2002இல் அந்த ராணுவத்தின் கையேடே மாறியது. அவர்களே போரிலிருந்து திரும்பிய 1,226 பேரிடம் கேட்டதில், ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்கள்தான் கைகலப்பு வந்ததாகச் சொன்னார்கள். அதுவும் பெரும்பாலும் பிடித்து மல்லுக்கட்டுவதுதான், குத்தும் உதையும் சொற்பம்.

செல்வம், ராமநாதபுரம்: அப்படியானால் லடாக் எல்லையில் சீனப் படையோடு நடந்த கல்வான் மோதல்? அங்கே துப்பாக்கி இல்லாமல்தானே சண்டை போட்டார்கள்?

நல்ல கேள்வி, எதிர்பார்த்தேன். 2020 ஜூன் 15 இரவு, நம் தரப்பில் 20 பேர் உயிரிழந்தார்கள். உங்கள் மாவட்டத்துக் கடுக்கலூர்க்காரர் ஹவில்தார் பழனியும் அதில் ஒருவர். பிறகு வீர் சக்ரா தந்தார்கள். அவர் பீரங்கிப் படைக்காரர், கமாண்டோ அல்ல என்பதைக் கவனியுங்கள்.

எல்லைக் கோட்டருகே சுடக்கூடாது என்று 1996 ஒப்பந்தம் இருப்பதால் யாரும் சுடவில்லை. அதற்காக யாரும் வெறுங்கையோடு நின்றார்கள் என்று நினைக்காதீர்கள். கல், தடி, ஆணி அறைந்த இரும்புக் கம்பி எல்லாம் இருந்தன. சுமார் 14,000 அடி உயரம், இருட்டு, கீழே உறைய வைக்கும் ஆறு. அங்கே மூச்சு வாங்காமல் நிற்பதே பாதி வெற்றி. அதற்குமேல் காலடி வழுக்காமல் இருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவனை விட்டுப் பிரியாமல் இருக்க வேண்டும். இதெல்லாம் ராணுவப் பயிற்சி நிச்சயம் தருகிற பலம். ஒற்றை ஆளுக்கு ஒற்றை ஆள் என்கிற சண்டைக்கு இதைச் சாட்சி சொல்லக் கூடாது. அதன் பிறகு நம் ராணுவம் ‘அமர்’ என்ற பெயரில் தனிச் சண்டைமுறை ஒன்றைப் பயிற்சியில் சேர்த்தது. வரவேற்கிறேன், வாரா வாரம் பழகினால்.

பெயர் வேண்டாம்: உங்களுக்கே அப்படி ஒரு நிலைமை வந்ததுண்டா?

வந்தது, சொல்ல வெட்கம்தான். பென்ஷன் வந்த மூன்றாம் வருஷம், ராத்திரி பஸ்ஸில் இடம் பிடிக்கிற தகராறு. இருபது வயசுப் பையன் ஒருவன் சட்டைக் காலரைப் பிடித்தான். என் இரண்டு கையும் தானாக நெஞ்சுக்கு நேரே எழுந்தன. துப்பாக்கியைக் குறுக்கே பிடிக்கிற நிலை அது, கையில் துப்பாக்கி மட்டும் இல்லை. அந்த அரை நொடியில் அவன் நெற்றி என் உதட்டில் மோதியது. இரண்டு தையல். “இருபது வருஷம் அங்கே என்னதான் சொல்லிக்கொடுத்தீங்க?” என்றாள் மனைவி. அடுத்த வாரமே என்னைவிடப் பதினைந்து வயசு இளைய வாத்தியாரிடம் ஜூடோ சேர்ந்தேன்.

பிரபாகரன், வேலூர்: லீவில் வரும் ஜவான்கள் உங்கள் வகுப்புக்கு வருவார்களா? எப்படிச் செய்கிறார்கள்?

போன வருஷம் ஒருவர் வந்தார். கயிறு ஏறுகிற தோள், எண்பது கிலோ. கல்லூரி படிக்கிற பெண் ஒருத்தியோடு விட்டேன். ஐம்பத்தைந்து கிலோ, இரண்டு வருஷப் பழக்கம். அவர் கூச்சப்பட்டு முதலில் சும்மா நின்றார், அப்புறம் வேகமாகத் தள்ளினார். தள்ளின திசையிலேயே அவள் அவரை இழுத்து, இடுப்பை உள்ளே கொடுத்தாள். ஆள் விரிப்பில் மல்லாந்து கிடந்தார். மூன்று தடவை.

மூன்றாவது தடவை விழுந்து எழுந்ததும் “எப்படி?” என்று கேட்டார் பாருங்கள், அங்கேதான் ராணுவம் தெரிகிறது. கோபமில்லை, சாக்குப்போக்கு இல்லை. லீவு முடிகிறவரை தினமும் வந்தார். மற்றவர்கள் ஆறு மாதத்தில் பிடிப்பதை நாற்பது நாளில் பிடித்துவிட்டார். உழுது போட்ட நிலம் மாதிரி, விதை மட்டும் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது.

கவிதா, சென்னை: “ராணுவக் கமாண்டோ முறை” என்று மூன்று நாள் தற்காப்பு முகாம் விளம்பரம் பார்த்தேன் சார். சேரலாமா?

தோழிகளோடு ஒரு மாறுதலுக்குப் போய் வாருங்கள், ஆனால் அதை நம்பித் துணிச்சல் காட்டாதீர்கள். நீங்களே பழகிக்கொள்கிற மாதிரி ஒன்று சொல்கிறேன். மணிக்கட்டைப் பிடித்தால் எதிராளியின் கட்டைவிரல் இருக்கும் பக்கம்தான் பிடியின் வாசல், அந்தப் பக்கமாக வெடுக்கென்று இழுங்கள். இழுக்கும்போதே கத்துங்கள், ஆள் இருக்கிற இடத்துக்கு ஓடுங்கள், 112ஐ அழையுங்கள். இதைத் தோழியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி நூறு தடவை செய்தால்தான் கை கேட்கும்.

தினேஷ், சேலம்: கத்தியோடு வந்தால்?

ஒரு தடவை என் வகுப்புப் பையன்களுக்கு வெள்ளை பனியன் போட்டுவிட்டு, எதிரே நிற்பவனிடம் ரப்பர் கத்தியில் சிவப்புச் சாக்பீஸ் தடவிக் கொடுத்தேன். ஒரு நிமிடம். எட்டுப் பேரில் ஒருவன்கூட வெள்ளையாக வெளியே வரவில்லை, இரண்டு பேர் முன்னாள் ராணுவம். பர்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு எதிர்த் திசையில் ஓடுங்கள். ஓட வழியில்லையென்றால் நாற்காலி, பை, எதையாவது நடுவில் வையுங்கள்.

லோகநாதன், ஈரோடு: தற்காப்புக்காக அடித்தால் கேஸ் வருமா?

பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் உங்களுக்குத் தற்காப்பு உரிமை தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அவன் விழுந்து, அல்லது திரும்பி ஓடி, ஆபத்து நீங்கிய பிறகு நீங்கள் மிதித்தால் அது தற்காப்பு ஆகாது. ராணுவத்தில் இருந்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், விழுந்தவனை விடாதே என்றுதான் எங்களுக்குப் பழக்கியது.

ராமசாமி, திண்டுக்கல்: வயது 47, முழங்கால் வலி உண்டு. இப்போது தொடங்கலாமா?

டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். முதல் மாதம் யாரையும் தூக்கிப் போட மாட்டீர்கள், விழ மட்டும்தான் கற்றுத்தருவேன். பாத்ரூமில் வழுக்கினாலும் உதவும். துண்டு ஒன்று எடுத்து வாருங்கள், வேர்க்கும்.