மகனின் கேம் சேனலுக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வருஷச் சம்பளம் 12.6 லட்சம். மகனுக்கு 19 வயது, கல்லூரி இரண்டாம் ஆண்டு. வீடியோ கேம் விளையாடுவதை ரெக்கார்ட் செய்து, தமிழில் பேசி, யூடியூபில் போடுகிறான். 14,000 சப்ஸ்கிரைபர் இருக்கிறார்கள். ஆரம்பித்தபோது அவனுக்கு 18 ஆகவில்லை என்பதால் பணம் வரும் கணக்கை என் பெயரில் திறந்தோம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 9,000, 10,000 என்று வருகிறது. போன வருஷம் மொத்தம் 48,000 வந்தது. நெட்டுக்கு மாதம் 900 ரூபாய் ஆகிறது, கேம் வாங்க வருஷத்துக்கு 14,000 ஆகிறது. இப்போது 1,35,000 ரூபாய்க்கு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறான். 'லேப்டாப்பில் புது கேம் எதுவும் ஓடவில்லை, வாங்கினால் வருமானம் இரண்டு மடங்காகும்' என்கிறான். என் சங்கிலியை பேங்கில் வைத்து வாங்கித் தரலாமா? ஒரு ரம்மி ஆப்காரர்கள் ஒரு நிமிஷம் விளம்பரம் பேசினால் 25,000 தருவதாக மெயில் அனுப்பியிருக்கிறார்கள். அதை வாங்கினால் கடன் சீக்கிரம் அடையும் என்றும் சொல்கிறான். ஜிஎஸ்டி ஏதாவது பதிய வேண்டுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்)

பதில்: சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும், டீச்சர். அதைவிட அவசரமான வேலை ஒன்று உங்கள் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், நீங்கள் கேட்ட கடனைப் பார்த்துவிடுவோம்.

48,000 ரூபாயில் நெட்டுக்கு 10,800, கேம்களுக்கு 14,000 போனால் மிச்சம் 23,200. கரண்ட் பில்லை உங்கள் மகன் கணக்கில் எடுத்திருக்க மாட்டான். புது கம்ப்யூட்டர் கேம் ஓடும்போது 400 வாட் இழுக்கிறது, தினம் ஐந்து மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். இரண்டு மாத பில்லில் 120 யூனிட் கூடும். நம் ஊர் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த அறையில் ஏசியும் ஓடினால் சொல்லவே வேண்டாம். கரண்டுக்கு வருஷம் 5,000 என்று குறைவாகவே போடுகிறேன். கையில் நிற்பது 18,200.

நகைக்கடன் வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், முதல் வருஷ வட்டியே 13,500. அந்த 18,200 ரூபாயை ஒரு பைசா எடுக்காமல் வருஷாவருஷம் கடனுக்கே கட்டினாலும், 1,35,000 அடைய 14 வருஷத்துக்கு மேல் ஆகும். நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருஷக் கெடு. அதாவது ஒவ்வொரு வருஷமும் பேங்குக்குப் போய்த் திருப்பி வைக்க வேண்டும். அந்த கம்ப்யூட்டரோ ஐந்து வருஷத்தில் இன்றைய லேப்டாப் நிலைமைக்கு வந்துவிடும். வருமானம் உண்மையிலேயே இரண்டு மடங்காகி, செலவு அப்படியே நின்றால் இரண்டரை வருஷத்துக்குள் கடன் அடையும். ஆனால் அந்த 'இரண்டு மடங்கு' எங்கிருந்து வரும் என்பதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. அவனைக் கேட்டுப் பாருங்கள். யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து, அதிகம் ஓடிய பத்து வீடியோவைக் காட்டச் சொல்லுங்கள். அவை புது கேமா பழைய கேமா, எந்த இடத்தில் ஆட்கள் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேயே வரைபடமாக இருக்கும். தமிழில் இந்த மாதிரி வீடியோக்களை ஆட்கள் பார்ப்பது பெரும்பாலும் பேசுகிறவனுக்காகத்தான் என்பது என் எண்ணம். படம் நன்றாக இருக்க வேண்டுமென்றால் அந்த கேமின் அசல் டிரெய்லரையே பார்த்துவிட்டுப் போவார்கள்.

கடன் வேண்டாம் என்று சொல்ல வட்டிக் கணக்கு மட்டும் காரணமில்லை. அவன் விற்கும் சரக்கில் பாதி அவனுடையது இல்லை. கேமின் படம், கதை, இசை எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனி அனுமதிக்கிறவரை வருமானம் வரும். 2013-ல் நிண்டெண்டோ என்ற ஜப்பானிய கேம் கம்பெனி தன் கேம் வீடியோக்களின் விளம்பரப் பணத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. பிறகு பங்கு தரும் திட்டம் ஒன்றை நடத்தியது. 2018 கடைசியில் அதையும் மூடிவிட்டு, விதிமுறைக்குள் இருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்றது. 2017-ல் அட்லஸ் கம்பெனி 'பெர்சோனா 5' கேமில் கதையின் ஒரு குறிப்பிட்ட நாளைத் தாண்டிக் காட்டினால் சேனலுக்கு ஸ்ட்ரைக் (விதிமீறலுக்கான தண்டனை) வரலாம் என்று எச்சரித்தது. எதிர்ப்பு வந்த பிறகுதான் அந்தக் கோட்டைத் தள்ளிப் போட்டது. ஜப்பானில் 2023-ல், கதையே பிரதானமான ஒரு கேமை முடிவு வரைக்கும் காட்டி, அனிமே காட்சிகளையும் தொகுத்துப் போட்டுச் சம்பாதித்த ஒருவருக்கு சென்டாய் நீதிமன்றம் இரண்டு வருஷச் சிறையும் (நிறுத்திவைக்கப்பட்டது) பத்து லட்சம் யென் அபராதமும் விதித்தது. இங்கே யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. ஆனாலும் எந்த கேமை எடுத்தாலும் அந்த கம்பெனியின் வீடியோ விதிமுறையை ஒருமுறை படித்துவிட்டு ரெக்கார்ட் செய்யச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் போன்ற சிலர் விளம்பர வருமானம் எடுத்துக்கொள்ளலாம் என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கேமுக்குள் வரும் பாட்டு தனி வில்லங்கம். ஜிடிஏ விளையாடினால் காரில் ரேடியோ பாடும். பாட்டு கம்பெனி உரிமை கோரினால் அந்த வீடியோவின் பணம் அவர்களுக்குப் போய்விடும். செட்டிங்கில் ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டினால் போதும். 'சைபர்பங்க் 2077' மாதிரி சில கேம்களில் உரிமையுள்ள பாட்டை மட்டும் நிறுத்த ஒரு பட்டனே இருக்கிறது.

அரசாங்கம் பக்கமிருந்தும் அடி விழலாம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடையாயின. பப்ஜிக்குப் பதிலாக வந்த பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. ஒரே கேமை நம்பி சேனல் நடத்தியவர்கள் அந்தப் பத்து மாதத்தை எப்படி ஓட்டினார்களோ! இத்தனைக்கும் நடுவில் நகையை வைத்து முதலீடு செய்வது, குத்தகை நிலத்தில் கடன் வாங்கி போர்வெல் போடுவது மாதிரிதான்.

இப்போது அந்த அவசர வேலைக்கு வருகிறேன். யூடியூப் விளம்பரப் பணத்தை கூகுள் அனுப்பும் ஆட்சென்ஸ் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில் இருக்கிறது. நீங்கள் அரசு ஊழியர். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 படி அனுமதி இல்லாமல் தனியாகத் தொழில் செய்யக்கூடாது. வேலை முழுக்க மகனுடையது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். காகிதத்தில் சம்பாதிப்பது நீங்கள்தான். நாளைக்கு யாராவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் விளக்கம் எழுத வேண்டியது நீங்கள்.

வரியிலும் இடிக்கிறது. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில், 75,000 நிலைக்கழிவு போக வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் வரி இல்லை. உங்கள் சம்பளம் கழிவு போக 11.85 லட்சம், அதாவது வரி பூஜ்யம். சேனல் லாபம் 23,200-ஐ உங்கள் கணக்கில் சேர்த்தால் 12,08,200 ஆகிறது. 12 லட்சத்தைத் தாண்டிய 8,200 ரூபாயும் அப்படியே வரியாகப் போகும். செஸ் சேர்த்து ஏறக்குறைய 8,500. லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! அகவிலைப்படி ஒரு தவணை ஏறினால் முழு லாபமும் போய்விடலாம். இதே பணம் மகன் பெயரில் இருந்தால் 4 லட்சம் வரை அடிப்படை விலக்கு உண்டு. ஒரு ரூபாய் வரி கிடையாது. 18 முடிந்துவிட்டதால் அவன் வருமானத்தை உங்களோடு சேர்க்கும் பேச்சும் இல்லை. அவன் வேலை செய்கிறான், அவன் பெயரில் வரட்டும். அதுதான் நியாயமும் சட்டமும்.

ஆட்சென்ஸ் கணக்கை ஆள் மாற்றி எழுத முடியாது. மகன் பெயரில் பான், சேமிப்புக் கணக்கு இரண்டும் தயாரானதும் அவன் புதுக் கணக்கு திறந்து, யூடியூப் ஸ்டூடியோவின் வருமானப் பகுதியில் சேனலை அதோடு இணைக்க வேண்டும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கிளம்பும், அதுவும் மாதத்தின் 21-ஆம் தேதிக்கு மேல். அதனால் அடுத்த தொகை உங்கள் கணக்கில் விழுந்த கையோடு மாற்றினால், பழைய கணக்கில் சில்லறை மாட்டிக்கொள்ளாது. புதுக் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஆறு இலக்க எண்ணோடு ஒரு கடிதம் தபாலில் வரும். சாதாரணத் தபால்தான், விளம்பரச் சீட்டு என்று நினைத்து யாரும் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அமெரிக்க வரிப் படிவம். அதைப் புது கணக்கில் மறுபடியும் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். பான் எண்ணைக் கொடுத்து இந்தியா-அமெரிக்கா ஒப்பந்தத்தைக் கோரினால், அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்களால் வந்த பங்கில் மட்டும் 15 சதவீதம். அந்தப் பிடித்தத்தை இங்கே கழிக்கலாம் என்று சொல்வார்கள். மகனுக்கு இங்கே வரியே இல்லாதபோது கழிக்க ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்.

முந்தைய வருஷங்களில் இந்தப் பணத்தைக் காட்டாமல் வழக்கம்போல் ஐடிஆர்-1 போட்டிருந்தால், ஒரு ஆடிட்டரிடம் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு போய், திருத்திய புது ரிட்டர்ன் போட வேண்டுமா, மகன் வருமானமாகக் காட்டலாமா என்று கேளுங்கள். நாலு வருஷம் வரை போட வழி இருக்கிறது. சின்னத் தொகைதான், பயப்பட ஒன்றுமில்லை.

ரம்மி விளம்பரம் கூடவே கூடாது. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் வைத்து ஆடும் கேம்களை மட்டுமல்ல, அவற்றுக்கு விளம்பரம் செய்வதையும் குற்றமாக்கியிருக்கிறது. விளம்பரத்துக்கு இரண்டு வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். 25,000 ரூபாய்க்கு இந்த ஆபத்து எதற்கு? அந்த மெயிலுக்குப் பதிலே போட வேண்டாம். மைக், ஹெட்போன், கேம் என்று நல்ல கம்பெனிகள் வந்தால் தாராளமாக எடுக்கட்டும். காசு வாங்கிய விளம்பரம் என்று வீடியோவில் வெளிப்படையாகச் சொல்லட்டும். இலவசமாக வரும் பொருள் வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் அதற்கும் 10 சதவீதம் டிடிஎஸ் உண்டு என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

சரி, கம்ப்யூட்டர்? அவன் ஆசையில் தப்பில்லை. முதலில் 3,000, 4,000 ரூபாயில் ஒரு நல்ல மைக் வாங்கட்டும். காற்றாடிச் சத்தம் கேட்கும் வீடியோவை யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை. ரெக்கார்ட் செய்ய ஓபிஎஸ் என்ற மென்பொருள் இலவசம். லேப்டாப்பில் ஓடும் பழைய கதை கேம்களும் சின்ன கம்பெனிகளின் கேம்களும் நிறையவே இருக்கின்றன; ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடி வரும்போது மலிவு. பிறகு சேனல் பணம் வரும் அந்தப் புதுக் கணக்கை வீட்டுச் செலவுக்குத் தொடாதீர்கள். தீபாவளியை ஒட்டிய மாதங்களில் விளம்பர ரேட் ஏறும், ஜனவரியில் விழும். ஒரு முழு வருஷம் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். அந்தக் கணக்கில் 70,000 சேர்ந்த அன்று, மீதியை உங்கள் சேமிப்பிலிருந்து அன்பளிப்பாகக் கொடுங்கள். அம்மா மகனுக்குக் கொடுப்பதற்கு வரி கிடையாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் பாகம் பாகமாகப் பார்த்து அசெம்பிள் செய்து வாங்கினால் பிராண்டட் விலையைவிடக் குறையலாம். பில் மட்டும் மகன் பெயரில் இருக்கட்டும். பின்னாளில் வருமானம் பெருகி வரி கட்டும் நிலை வந்தால் கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு வாரண்டி இல்லாமல் வேண்டாம். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று ஆசை காட்டினால், ரொக்கத்துக்கு என்ன தள்ளுபடி, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஜிஎஸ்டி: சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. 48,000 ரூபாய்க்கு இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.