மட்டக்களப்பில் எப்போதும் ஆறு மணிக்கே பொழுது படுகிறது, லண்டனில் மட்டும் ஏன் ஒன்பது மணி?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: "நான் கல்லடி. எங்களுக்கு வருஷம் முழுக்க ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டுகிறது. லண்டனில் இருக்கிற அக்கா, ஆனி மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெயில், மார்கழியில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டு என்கிறா. ஒரே சூரியன்தானே, ஏன் இந்த வித்தியாசம்?"

நான் படுவான்கரையில் பிறந்து வளர்ந்து, இப்போது எழுவான்கரையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதானால், வாவிக்குக் கிழக்கே சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, மேற்கே படுகிற பக்கம் படுவான்கரை. சூரியனைப் பார்த்துக் கரைகளுக்குப் பெயர் வைத்த சனம் நாங்கள். அதனால் "எங்களுக்கு எப்போதும் ஆறுக்கு ஆறு" என்ற வரியை அப்படியே விட்டுவிட்டு லண்டனுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

மட்டக்களப்பு மத்தியகோட்டிலிருந்து 7.7 பாகை வடக்கே இருக்கிறது. ஜூன் 21 அளவில் இங்கே சூரியன் காலை 5.48க்கு எழுந்து மாலை 6.22க்குப் படும். பகல் 12 மணித்தியாலம் 34 நிமிடம். டிசம்பர் 21 அளவில் 6.11க்கு எழுந்து 5.51க்குப் படும். பகல் 11 மணித்தியாலம் 40 நிமிடம். ஆக, எங்கள் பகலும் நீண்டு குறுகத்தான் செய்கிறது, 54 நிமிடம். 51.5 பாகையில் இருக்கிற லண்டனில் நீண்ட பகல் 16 மணித்தியாலம் 38 நிமிடம், குறுகிய பகல் 7 மணித்தியாலம் 50 நிமிடம். அதே கதைதான், அளவு மட்டும் வேறு.

காரணத்தை நான் என் மகளுக்கு விளங்கப்படுத்தியது 2022இல், அந்த நீண்ட மின்வெட்டுக் காலத்தில். ஒரு தோடம்பழத்தில் ஈர்க்கு ஒன்றைக் குத்தினேன். ஈர்க்குதான் பூமியின் அச்சு. மேசை நடுவில் விளக்கு, அது சூரியன். ஈர்க்கை நேராக நிமிர்த்திப் பிடித்துச் சுழற்றினால், பழத்தின் எந்த இடமும் பாதி நேரம் வெளிச்சத்திலும் பாதி நேரம் இருட்டிலும் இருக்கும். பூமி அப்படி நிமிர்ந்து சுற்றியிருந்தால் லண்டனுக்கும் கல்லடிக்கும் எந்த நாளும் ஒரே பகல்தான். ஆனால் பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது.

மகளிடம் ஈர்க்கைச் சாய்த்துக் கொடுத்து, விளக்கைச் சுற்றி வரச் சொன்னேன். அவள் கவனமாக, ஈர்க்கின் தலை எப்போதும் விளக்கைப் பார்த்துச் சாய்ந்திருக்கும்படி பிடித்துக்கொண்டு வந்தாள். வகுப்பிலும் பிள்ளைகள் இப்படித்தான் செய்வார்கள். விஷயம் முழுவதும் பிழைத்துப்போவது இந்த இடத்தில்தான். பூமியின் அச்சு சூரியனைப் பார்ப்பதில்லை. அது துருவ நட்சத்திரத்தின் பக்கமே பார்த்தபடி, திசை மாறாமல் சூரியனைச் சுற்றுகிறது. "தலையை வடக்குச் சுவருக்குக் காட்டிப் பிடி, எங்கே நடந்தாலும் அந்தச் சுவரை விடாதே" என்றேன். இப்போது சுற்றினாள். விளக்கின் ஒரு பக்கம் நிற்கும்போது ஈர்க்கின் தலை விளக்கின் பக்கம் சாய்ந்தது, எதிர்ப் பக்கம் போனபோது விளக்கைவிட்டு விலகிச் சாய்ந்தது. அவள் கை அசையவே இல்லை. "அப்பா, நான் ஒன்றும் செய்யல்ல, அதுவா மாறுது!" என்றாள். வேனிலும் மாரியும் அதுவாக மாறுவது இப்படித்தான்.

சாய்வு பகலை எப்படி நீட்டுகிறது? பேனையால் பழத்தைச் சுற்றி மூன்று வளையம் கீறுங்கள்: நடுவில் ஒன்று, நடுவுக்கும் ஈர்க்கின் தலை நிற்கிற காம்புக்கும் இடையில் பாதிக்குச் சற்று மேலே ஒன்று, காம்புக்குக் கிட்ட ஒன்று. ஒரு ஊர் ஒரு நாளில் சுற்றி வருகிற பாதை அந்த வளையம். காம்பை விளக்குப் பக்கம் சாய்த்துப் பிடித்தால், பாதிக்கு மேலே உள்ள வளையத்தில் கூடிய பங்கு வெளிச்சத்தில் கிடக்கும். அது ஜூன் மாத லண்டன். காம்போரத்து வளையம் முழுதாகவே வெளிச்சத்துக்குள் வந்துவிடும், அங்கே சூரியன் படாது. நடு வளையத்தை மட்டும், நீங்கள் எப்படிச் சாய்த்தாலும், வெளிச்சத்தின் விளிம்பு சரிபாதியாகவே வெட்டும். அது மத்தியகோடு. மட்டக்களப்பின் வளையம் நடுவுக்கு மிகக் கிட்ட இருப்பதால் எங்களுக்கு 54 நிமிடத்தோடு முடிகிறது. காம்பை விளக்கைவிட்டு விலக்கிப் பிடித்தால் எல்லாம் தலைகீழ், அது டிசம்பர். அந்த நேரம் பழத்தின் அடிப்பாதியைப் பார்த்தால், மெல்பேர்னில் இருக்கிற உறவுகள் நத்தாருக்கு ஏன் வெயிலில் நிற்கிறார்கள் என்பதும் விளங்கும்.

சூரியன் கிட்ட வருவதால் கோடை என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். உண்மையில் பூமி சூரியனுக்கு மிகக் கிட்டப் போவது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீற்றர். மிக விலகி நிற்பது ஜூலைத் தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி. லண்டன் நடுங்குகிற காலத்தில்தான் சூரியன் கிட்ட இருக்கிறது.

என் தம்பி நோர்வேயின் வடக்கே ட்ரொம்ஸோவில் இருக்கிறான். ஏறக்குறைய 70 பாகை, காம்போரத்து வளையம். அவன் போன முதல் மார்கழியில் அம்மா கோல் எடுத்தா. இங்கே பின்னேரம் நாலரை, முற்றத்தில் நல்ல வெயில்.

"என்ன மனே, லைற்றைப் போட்டுக்கொண்டு இருக்காய், இன்னும் விடியல்லையா?"

"இப்ப இங்க பகல் பன்னிரண்டு மணி அம்மா. தைப்பொங்கலுக்குத்தான் இனி விடியும்."

அம்மா நம்பவில்லை, பிள்ளைக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று நினைத்து அழுதா. அவன் சொன்னது சரியான கணக்கு. ட்ரொம்ஸோவில் நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதியில்தான் மறுபடி எட்டிப் பார்க்கும். நடுப்பகலில் வானம் நீலமாக மங்கி வெளிக்கும், அவ்வளவுதான். பிறகு மே 20 அளவில் இருந்து இரண்டு மாதம் சூரியன் படாது. பொங்கல் பானையைச் சூரியனுக்கு வைக்கிற சனத்துக்கு, தை பிறக்கிற நாட்களிலேயே சூரியன் திரும்பி வருகிற ஒரு ஊர் இருப்பதை நினைக்க எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கும்.

காத்தான்குடியில் உள்ள என் சிநேகிதர் இதை வேறு விதமாக அறிந்தவர். 2016இல் நோன்பு ஜூன் மாதத்தில் வந்தது. இங்கே ஸஹர் (விடியலுக்கு முந்திய சாப்பாடு) முடிவிலிருந்து மஃரிப் (பொழுது பட்டதும் வருகிற தொழுகை) வரை ஏறக்குறைய 14 மணித்தியாலம். லண்டனில் இருந்த அவருடைய மகனுக்கு 18க்கு மேல். நோன்பு குளிர்காலத்துக்கு நகரும்போது இங்கே சிறிதளவு குறையும், மகனுக்கோ பல மணித்தியாலம் குறையும்.

ஒரு நாளில் எவ்வளவு மாறுகிறது என்பதும் பார்க்க வேண்டியது. மார்ச் மாதக் கடைசியில் லண்டனின் பகல் நாளுக்குக் கிட்டத்தட்ட நாலு நிமிடம் கூடுகிறது. எங்களுக்கு அரை நிமிடம்கூட இல்லை. கண்ணுக்குப் படாததற்கு அதுவே காரணம். ஆனால் நெல்லுக்குத் தெரியும். அப்பா சொல்லுகிற பழைய ஆறு மாத நெல்லினங்கள், பகல் சுருங்கி வருவதை உணர்ந்தே குடலைக்கு, அதாவது பயிருக்குள் கதிர் கருக்கட்டுகிற பருவத்துக்கு, திரும்பும். முந்தி விதைத்த வேளாண்மையும் பிந்தி விதைத்த வேளாண்மையும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கதிர் பறியும். இன்றைய மூன்று, மூன்றரை மாத நெல், பகலின் நீளத்தைப் பாராமல் நாள் கணக்கில் விளையும்படி உருவாக்கப்பட்டது. நாங்கள் "மாற்றமே இல்லை" என்று சொல்லுகிற பகலை வைத்து ஒரு பயிர் மாதம் பார்த்திருக்கிறது.

இன்னொன்று, கடற்கரையிலும் வாவிக்கரையிலும் நிற்பவர்கள் கவனித்திருக்கலாம். எங்களுக்கு மிக வெள்ளனப் பொழுது படுவது மார்கழியில் அல்ல. நவம்பர் முதல் பாதியில் 5.42க்கே படுகிறது, டிசம்பர் 21இல் 5.51. பகல் குறுகிக்கொண்டிருக்கும்போது பொழுது பிந்திப் படுவது எப்படி? நடுப்பகலே நகர்வதால்தான். சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நவம்பர் தொடக்கத்தில் 11.47, பெப்ரவரி நடுவில் 12.17. பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை என்பதும் அதே அச்சுச் சாய்வும் சேர்ந்து இந்த அரை மணித்தியால ஆட்டத்தை உண்டாக்குகின்றன. லண்டனிலும் இந்த ஆட்டம் உண்டு, ஆனால் அங்கே பகலின் பெரிய மாற்றம் அதை விழுங்கிவிடும். எங்கள் மாற்றம் சிறியதாகையால் இங்கே அது தெளிவாகத் தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் செக்கல் சட்டென்று வருவதற்கு மழை முகில் மட்டும் காரணமில்லை. அதே போல, மிகப் பிந்தி விடிவதும் டிசம்பரில் இல்லை, ஜனவரிக் கடைசியில், 6.23க்கு. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை எழுப்பப் பாடுபடுகிற தாய்மார் இதை மணிக்கூடு பார்க்காமலே சொல்வார்கள்.

மணிக்கூட்டை மாற்றினால் பகல் நீளுமா என்று கேட்பவர்களுக்கு ஊர் அனுபவமே பதில். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டினால் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பினார்கள், மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. அந்த ஆண்டுகளில் வாவிக்கு அந்தப் பக்கம் பலர் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். கலியாணத்துக்கு அழைத்தால்கூட "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்க வேண்டும். 1996 ஜூனில் மணிக்கூட்டின்படி 7.22க்குப் பொழுது பட்டது, ஆனால் பகலின் நீளம் ஒரு விநாடியும் கூடவில்லை. லண்டன்காரர் கோடையில் மணிக்கூட்டை முன்னே தள்ளுவதற்கு அர்த்தம் உண்டு, அவர்களிடம் அதிகாலையில் வீணாகிற வெளிச்சம் நிறைய இருக்கிறது. எங்களிடம் நகர்த்த எதுவும் இல்லை.

அக்கா சொன்ன ஒன்பது மணி வெயிலிலும் ஒரு மணித்தியாலம் அந்த மணிக்கூட்டு வேலைதான். ஜூன் 21இல் லண்டனில் பொழுது படுவது 9.21, உண்மையில் அது 8.21.

கடைசியாக, வாசித்து நம்ப வேண்டாம், நீங்களே பார்க்கலாம். முற்றத்தில் ஒரு மீற்றர் தடி ஒன்றை நேராக நட்டு, நடுப்பகல் நிழலை மாதம் ஒரு தடவை குறித்து வையுங்கள். டிசம்பர் கடைசியில் நிழல் வடக்கே ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் விழும். ஜூன் கடைசியில் தெற்கே 28 சென்ரிமீற்றர் விழும், ஏனென்றால் அப்போது சூரியன் எங்களுக்கு வடக்கே போயிருக்கும். லண்டனில் நிழல் வருஷம் முழுக்க வடக்கே மட்டும்தான், இந்தத் திருப்பம் அங்கே இல்லை. இடையில், சித்திரைப் புத்தாண்டுக்கு நாலைந்து நாள் முன்னே, ஏப்ரல் 9, 10 அளவிலும், பிறகு செப்டெம்பர் 2 அளவிலும் சூரியன் மட்டக்களப்பின் நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் 12.04 அளவில் தடியைப் போய்ப் பாருங்கள். நிழல் இருக்காது.