வாசகர் கேள்வி: ‘கோப்ரார்’ என்றால் கொடுப்பதா, வாங்குவதா?

கேள்வி: மாலை வகுப்பில் ஸ்பானிய மொழி படிக்கிறேன். ‘கோப்ரார்’ என்ற வினைச்சொல்லுக்கு அகராதியில் கட்டணம் விதித்தல், சம்பளம் பெறுதல், கடன் வசூலித்தல், காசோலையைப் பணமாக்குதல் என்று பல பொருள். எந்த இடத்தில் எது என்று எப்படிப் பிடிப்பது?
– வாசகி, செங்காங்

பதில்: ஆங்கிலம் வழியாகப் போனால் இது நான்கைந்து சொல்லாகச் சிதறிவிடும். தமிழில் யோசியுங்கள். டாக்டர் எவ்வளவு வாங்குகிறார்? சம்பளம் வாங்கியாச்சா? கொடுத்த கடனைத் திருப்பி வாங்கு. மூன்றுக்கும் நாம் ‘வாங்கு’ என்கிறோம், ஸ்பானியர் ‘கோப்ரார்’ என்கிறார்கள். பணம் யார் கைக்கு வர வேண்டுமோ அவர்தான் இந்த வினையின் எழுவாய். இந்த ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

‘எல் மேதிகோ கோப்ரா சியென் யூரோஸ்’ – டாக்டர் நூறு யூரோ வாங்குகிறார். ‘கோப்ரோ எல் த்ரெய்ந்தா’ – எனக்கு முப்பதாம் தேதி சம்பளம். ‘தோதாவியா நோ ஏ கோப்ராதோ’ – இன்னும் சம்பளம் வரவில்லை. மசேநி (மத்திய சேம நிதி) போன்றவை பிடித்ததுபோகக் கையில் வாங்குவதைச் சொல்ல, தொகைக்குப் பின்னால் ‘நேதோஸ்’ சேருங்கள்: ‘கோப்ரோ தோஸ் மில் நேதோஸ்’. ஸ்பெயினில் ஆண்டுக்கு 14 சம்பளம் என்று பேச்சு வந்தால் திகைக்க வேண்டாம். அங்கே சட்டப்படி ஆண்டுக்கு இரண்டு கூடுதல் சம்பளம் உண்டு. அதைச் சில நிறுவனங்கள் மாதச் சம்பளத்தோடு பிரித்துச் சேர்த்துவிடும்.

யாரிடமிருந்து வாங்குகிறார் என்பதில்தான் நம்மவர்கள் சறுக்குவார்கள். ‘என்னிடமிருந்து’ என்று நினைத்துக்கொண்டு ‘தே மீ’ போடுவார்கள். அது தவறு. ‘எனக்கு’ என்பதற்கு வரும் ‘மே’தான் இங்கேயும் வரும்: ‘மே கோப்ராரோன் தியெஸ் யூரோஸ் தே மாஸ்’, அதாவது என்னிடம் பத்து யூரோ கூடுதலாக வாங்கிவிட்டார்கள். பற்றுச்சீட்டைக் காட்டிக் கேட்க இந்த வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்யலாம். ‘தே மாஸ்’ என்றால் கூடுதலாக, ‘தே மேனோஸ்’ என்றால் குறைவாக.

காப்பிக் கடையில் கணக்கை முடிக்க, ‘மே கோப்ரா, போர் ஃபவோர்?’ ‘என்னிடம் வாங்கிக்கொள்கிறீர்களா’ என்பதுதான் அதன் அமைப்பு. இரண்டு காப்பிக்கு என்றால் ‘மே கோப்ரா லோஸ் தோஸ் கஃபேஸ்?’ ஸ்பெயினில் பரிசாரகரிடம் ‘நீ’ போட்டு ‘மே கோப்ராஸ்?’ என்பார்கள், அதில் மரியாதைக் குறைவு இல்லை. லத்தீன் அமெரிக்காவில் ‘நீங்கள்’ வடிவமான ‘கோப்ரா’வே நல்லது. சாப்பிட்டுப் பணம் கொடுத்துவிட்டு, ‘கோப்ரே’ என்று சொல்லிவிடாதீர்கள். கடையிடம் நீங்கள் பணம் வாங்கியதாகிவிடும். கொடுப்பவருக்கு ‘பகார்’.

பணம் இல்லாத இடத்திலும் தமிழ் கைகொடுக்கிறது. ஸ்பெயினில் சேட்டை செய்யும் பிள்ளையிடம் ‘வாஸ் ஆ கோப்ரார்!’ என்றால் ‘அடி வாங்கப்போற!’ நிலநடுக்கம் பல உயிர்களைப் பலிவாங்கியது என்ற செய்திக்கு ‘சே கோப்ரோ முச்சாஸ் விதாஸ்’. இரு மொழியும் இவ்வளவு ஒத்துப்போவது அரிது, அந்த லாபத்தை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ‘வாங்கு’ எல்லாம் கோப்ரார் ஆகாது. கடையில் பொருள் வாங்குவது ‘கொம்ப்ரார்’. ஒலியும் பக்கத்திலேயே இருப்பதால் மிக அதிகமாகக் குழம்புவது இந்த இணைதான். ‘ம்’ இருந்தால் பொருள், இல்லாவிட்டால் பணம். கடன் வாங்குவது ‘பேதீர் ப்ரெஸ்தாதோ’. பரீட்சையில் மதிப்பெண் வாங்குவது ‘சகார்’.

கேள்வி: கட்டணம் கேட்க ‘க்வாந்தோ கார்கா?’ என்றேன். எதிரில் இருந்தவருக்குப் புரியவில்லை. ஏன்?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: நாம் ‘சார்ஜ்’ என்று சொல்லிப் பழகியதன் விளைவு. ‘கார்கார்’ என்றால் சுமையேற்றுவது, கைப்பேசிக்கு மின்னேற்றுவது. நீங்கள் கேட்டது ‘எவ்வளவு சுமக்கும்?’ என்று அவருக்குக் கேட்டிருக்கும். கேட்க வேண்டியது ‘க்வாந்தோ கோப்ரா போர் ஓரா?’, மணிக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள். தேக்கா தையல்கடையில் ரவிக்கைக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரிப்போமே, அதே கேள்விதான். வங்கிக் கணக்கில் ஒரு தொகையைப் பற்று வைப்பதற்கு மட்டும் ‘கார்கார்’ வரும்.

கேள்வி: கணக்குப் பிரிவில் வேலை. மெக்சிகோ வாடிக்கையாளரோடு பேசும்போது ‘கோப்ரோ’ என்பது ஒருசமயம் ‘வாங்குகிறேன்’, ஒருசமயம் ‘வாங்கினார்’ என்று வருகிறது.
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். முதல் அசையில் விழுந்தால் ‘நான் வாங்குகிறேன்’, கடைசி அசையில் விழுந்தால் ‘அவர் வாங்கினார்’. எழுத்தில் இரண்டாவதற்கு ஓகாரத்தின் தலையில் ஒரு சாய்கோடு இருக்கும். ‘கோப்ரே’யும் இப்படியே: கடைசி அசையில் அழுத்தினால் ‘நான் வாங்கினேன்’, முதல் அசையில் அழுத்தினால் செம்பு என்ற உலோகத்தின் பெயரும் அதுவே. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாததால் நம் காது இதைக் கவனிப்பதில்லை. குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொள்பவர்கள் அழுத்தும் அசையின் கீழ் கோடு போட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு படிக்கும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். ‘ப்’பை உதடு இறுக்கி ஒலிக்க வேண்டாம், ‘கோபம்’ என்று வேகமாகச் சொல்லும்போது வரும் மென்மை போதும்.

‘கோப்ராமோஸ்’ இன்னொரு சிக்கல். ‘வாங்குகிறோம்’, ‘வாங்கினோம்’ இரண்டுக்கும் அதே வடிவம், அழுத்தமும் ஒரே இடம். ஆகவே பணம் வந்துவிட்டதா என்று பேசும்போது ‘அயேர்’, அதாவது நேற்று, அல்லது தேதியைச் சேர்த்தே சொல்லுங்கள்.

வரவேண்டிய பாக்கி மெக்சிகோவில் ‘க்வென்தாஸ் போர் கோப்ரார்’, கொடுக்கவேண்டியது ‘போர் பகார்’. ஸ்பெயின் நிறுவனத்தின் கடிதத்தில் ‘போர்’ இருக்குமிடத்தில் ‘ஆ’ இருக்கலாம், கணக்கு அதேதான்.