அதிபர் ஆணை போட்டால் நடந்துவிடுமா?

கேள்வி: உலகத்திலேயே அதிக அதிகாரம் உள்ளவர் அமெரிக்க அதிபர் என்கிறார்கள். அவர் போட்ட ஆணையைக் கோர்ட் ரத்து செய்தது என்றும் அடிக்கடி படிக்கிறேன். இதில் எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மை. ராணுவத்துக்கும் வெளியுறவுக்கும் அவர்தான் தலைவர், அங்கே அவர் கை ஓங்கித்தான் இருக்கும். ஆனால் உள்நாட்டில் ஒரு காரியம் செய்யவேண்டும் என்றால் 'எந்தச் சட்டப்படி செய்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1952-இல் நாடே பார்த்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க எஃகு ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். எஃகு இல்லாமல் ஆயுதம் செய்ய முடியாதே என்று கவலைப்பட்ட அதிபர் ட்ரூமன், ஏப்ரல் 8-ஆம் தேதி ஆலைகளை அரசே எடுத்து நடத்தும்படி வர்த்தக அமைச்சர் சாயருக்கு ஆணை போட்டார். முதலாளிகள் உடனே கோர்ட்டுக்குப் போனார்கள். இத்தனைக்கும் வேலைநிறுத்தத்தை 80 நாள் தள்ளிப்போட வழி செய்யும் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் அப்போதே கையில் இருந்தது. 1947-இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அதை நிறைவேற்றியபோது ட்ரூமன் வீட்டோ செய்தார், அதாவது ஒப்புக்கொள்ளாமல் திருப்பி அனுப்பினார், இரண்டு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு அந்த வீட்டோவை முறியடித்துச் சட்டமாக்கின. அந்த விவாதத்தின்போதே, ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கலாமா என்ற யோசனை வந்து, வேண்டாம் என்று காங்கிரஸ் ஒதுக்கிவிட்டது. அதாவது காங்கிரஸ் கொடுக்க மறுத்ததை அதிபர் ஒரு கையெழுத்தில் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்.

ஜூன் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் ஆணை செல்லாது என்றது. அந்த ஒன்பது நீதிபதிகளில் எல்லோருமே ட்ரூமனோ அவருக்கு முன் அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டோ நியமித்தவர்கள். ட்ரூமனே நியமித்த நான்கு பேரில் இரண்டு பேர் அவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார்கள். ட்ரூமனுக்குக் கோபம் வந்தது, ஆனாலும் ஆலைகளை உடனே திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தம் தொடங்கி 50 நாளுக்கு மேல் நடந்தது. அந்த வழக்கில் நீதிபதி ஜாக்சன் தனியாக எழுதிய தீர்ப்புதான் இன்றைக்கும் அளவுகோல்: காங்கிரஸ் சம்மதித்திருந்தால் அதிபரின் பலம் உச்சத்தில் இருக்கும், காங்கிரஸ் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சந்தேகம், காங்கிரஸ் விருப்பத்துக்கு எதிராகப் போனால் மிகக் குறைவு. 2023-இல் பைடனின் மாணவர் கடன் தள்ளுபடித் திட்டம், கிட்டத்தட்ட 40,000 கோடி டாலர், விழுந்ததும் 'காங்கிரஸ் இவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கொடுக்கவில்லை' என்ற காரணத்தால்தான்.

கேள்வி: ஒருவர் மூன்றாவது முறை அதிபர் தேர்தலில் ஜெயிக்க முடியுமா?

பதில்: முடியாது. ரூஸ்வெல்ட் நான்கு முறை ஜெயித்த பிறகு, 1951-இல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 22-ஆவது திருத்தம் இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படுவதைத் தடுத்துவிட்டது. அதை மாற்ற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு, 50-இல் 38 மாகாணங்களின் ஒப்புதலும் வேண்டும்.

கேள்வி: கஞ்சா மத்திய சட்டப்படி குற்றம், ஆனால் கொலராடோ மாகாணத்தில் கடையில் விற்கிறார்கள். மத்திய அரசு சொன்னால் மாகாணம் கேட்கவேண்டாமா?

பதில்: இதில்தான் பலருக்குக் குழப்பம். மத்திய சட்டமும் மாகாணச் சட்டமும் நேருக்கு நேர் மோதினால் மத்திய சட்டம்தான் நிற்கும். கொலராடோ மக்கள் 2012-இல் ஓட்டுப் போட்டு அனுமதித்தாலும் மத்திய சட்டம் ரத்தாகவில்லை, மத்திய அதிகாரிகள் நினைத்தால் வழக்குப் போடலாம். ஆனால் மாகாண போலீஸைக் கூப்பிட்டு 'எங்கள் சட்டத்தை நீங்கள் அமல்படுத்துங்கள்' என்று கட்டளையிட முடியாது. துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியை உள்ளூர் ஷெரீஃப்கள் (வட்டார போலீஸ் தலைவர்கள்) விசாரிக்கவேண்டும் என்று 1993-இல் காங்கிரஸ் சட்டம் போட்டபோது, மொன்டானாவிலும் அரிசோனாவிலும் இருந்து இரண்டு ஷெரீஃப்கள் வழக்குப் போட்டார்கள். 1997-இல் 5-க்கு 4 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. நாடு முழுக்க ஒரு சட்டத்தை அமல்படுத்தும் அளவுக்கு மத்திய அரசிடம் ஆள் பலம் கிடையாது, மாகாண போலீஸ் ஒதுங்கிக்கொண்டால் சட்டம் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும். மத்திய அரசுக்கு எழுதிக் கொடுக்காத அதிகாரம் மாகாணங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று 1791-இல் சேர்த்த பத்தாவது திருத்தத்துக்கு இப்படி நடைமுறையில் உயிர் இருக்கிறது.

கேள்வி: ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கும் ஒன்பது நீதிபதிகளை யார் கட்டுப்படுத்துவது?

பதில்: நேரடியாக யாரும் இல்லை, அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. தீர்ப்பு பிடிக்கவில்லை என்று சம்பளத்தைக்கூடக் குறைக்க முடியாது. ஆனால் ஒன்பது என்ற எண்ணிக்கை சாசனத்தில் இல்லை, அது காங்கிரஸ் போட்ட சட்டம். 1937-இல் ரூஸ்வெல்ட் கூடுதல் நீதிபதிகளைப் போடப் பார்த்தபோது அவருடைய சொந்தக் கட்சி செனட்டர்களே தடுத்துவிட்டார்கள். தடுத்தது நல்லது என்றே நினைக்கிறேன், ஒரு கட்சி பத்து பேர் ஆக்கினால் அடுத்த கட்சி பதினைந்து ஆக்கும். சாசனத் திருத்தம் மூலம் தீர்ப்பையே மாற்றவும் முடியும். 1895-இல் வருமான வரியை நீதிமன்றம் தள்ளிவிட்டது, 1913-இல் 16-ஆவது திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

கேள்வி: போர் தொடுக்கும் அதிகாரம் காங்கிரஸுக்குத்தானே? அப்புறம் அதிபர்கள் எப்படிக் குண்டு போடுகிறார்கள்?

பதில்: எழுத்துப்படி காங்கிரஸுக்குத்தான். ஆனால் காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில். கொரியா, வியட்நாம், இராக் எதற்கும் அப்படி ஓர் அறிவிப்பு கிடையாது. இந்தச் சாசனத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம்தான், ஏனென்றால் இங்கே தோற்றது சட்டம் அல்ல, அதைக் கையில் வைத்திருந்த உறுப்பினர்கள். போருக்கு ஓட்டுப் போட்டுப் பழி ஏற்பதைவிட அதிபர் தலையில் கட்டிவிடுவது அவர்களுக்குச் சௌகரியம். 1973-இல் அதிபர் நிக்சனின் வீட்டோவை மீறி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: படையை இறக்கினால் 48 மணி நேரத்தில் தெரிவிக்கவேண்டும், 60 நாளுக்குள் சம்மதம் கிடைக்காவிட்டால் நிறுத்தவேண்டும். 2011-இல் லிபியாவில் அந்தக் கெடு தாண்டியபோது, அங்கே நடப்பது அந்தச் சட்டம் சொல்லும் அளவுக்கான சண்டையே அல்ல என்று ஒபாமா நிர்வாகம் வாதாடித் தொடர்ந்தது.

பணத்தை நிறுத்தினால் மட்டும் யாராலும் வாதாட முடிவதில்லை. அதே 1973-இல், ஆகஸ்ட் 15-க்குப் பிறகு கம்போடியா, லாவோஸ், வியட்நாமில் தாக்குதல் நடத்த ஒரு காசுகூடக் கிடையாது என்று காங்கிரஸ் எழுதிவிட்டது. நிக்சனும் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். கம்போடியாவில் குண்டுவீச்சு அந்தத் தேதியில் நின்றது.