தேசிக்காய் குக்கி: கேட்டதும் சொன்னதும்

பரந்தனில வீட்டில இருந்து கேக் ஓடர் செய்து குடுக்கிறன். தேசிக்காய் குக்கி செய்யிறன் எண்டு ஒருக்கா வாய் தவறிச் சொன்னதுக்கு இவ்வளவு கேள்வி வந்து குவிஞ்சிருக்கு. இண்டைக்குப் பின்னேரம் ஓடர் இல்லை, இருந்து பதில் சொல்லுறன். கேட்டவையின்ர ஊர்ப்பேர் கேள்விக்கு முன்னால கிடக்கு. ஐசிங், கலியாணக் கேக் ஆக்கள் இன்னொரு நாளைக்கு வாங்கோ.

விசுவமடு: அக்கா, முதல்ல அளவைச் சொல்லுங்கோ.

பட்டர் 115 கிராம், சீனி 160 கிராம், முட்டை ஒண்டு, கோதுமை மா 210 கிராம், கோர்ன் ஃபிளவர் 10 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. தேசிப்பழம் மூண்டின்ர தோல், தேசிப்புளி, அதுதான் சாறு, ஒண்டரை மேசைக்கரண்டி. தோலை மெல்லிசாச் சுரண்டிச் சீனிக்குள்ள போட்டு, சீனி ஈரமாகி மணம் வரும்வரைக்கும் விரலால கசக்குங்கோ. பிறகு பட்டரைப் போட்டு அடிச்சு, முட்டை, புளி, கடைசியா மா வகையள். மா போட்ட பிறகு அடிக்கக்கூடாது, கரண்டியால பிரட்டினாக் காணும். 25 கிராம் உருண்டையாப் பிடிச்சா 22 வரும். 175 பாகையில 10 நிமிசம்.

ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ: தோலின்ர பச்சையோ மஞ்சளோதான் வேணும், கீழ இருக்கிற வெள்ளையைத் தொடக்கூடாது. கசக்கும்.

தர்மபுரம்: எனக்கு எல்லாம் ஒண்டோடொண்டு ஒட்டித் தோசை மாதிரி விரிஞ்சிட்டுது. பட்டரை அறை வெப்பநிலையிலதான் வைச்சனான்.

எந்த அறை, தங்கச்சி? உந்தக் குறிப்பு எழுதினவையின்ர அறை 20 பாகை. சித்திரை மாசத்தில எங்கட குசினி 34. பட்டர் உருகிறதும் அந்தளவிலதான். நீங்கள் அடிச்சது பட்டர் இல்லை, நெய். குளிர்ப்பெட்டியில இருந்து எடுத்துப் பத்து நிமிசத்தில, விரலால அமத்தினாப் பள்ளம் விழவேணும், விரல் உள்ளுக்க போகக்கூடாது. அதுதான் பதம். குழைச்ச மாவைத் திரும்பக் குளிர்ப்பெட்டியில ஒரு மணித்தியாலம் வையுங்கோ. உருண்டை பிடிச்சு வைச்சா இன்னும் நல்லது. முதல் தட்டு இறக்கின சூட்டோட அதிலயே அடுத்ததை அடுக்கிறவையும் இருக்கினம். தட்டு ஆறவேணும், இல்லாட்டி அவணுக்குள்ள போக முதலே உருகத் தொடங்கிடும்.

புதுக்குடியிருப்பு: அக்கா சொன்ன மாதிரித்தான் செய்தன். கல்லு.

எத்தினை நிமிசம் விட்டனீங்கள்? "நடு வேகேல்லைப் போல கிடந்தது, இன்னும் ஆறு நிமிசம் விட்டன்" எண்டு சொல்லப்போறீங்கள், தெரியும். கரை பிடிச்சு, நடு பச்சையா, தொட்டா உடையிற மாதிரி இருக்கேக்கதான் எடுக்கவேணும். வெளிய எடுத்த பிறகும் தட்டுச் சூட்டில வெந்துகொண்டுதான் இருக்கும். அஞ்சு நிமிசம் தட்டிலயே விட்டா இறுகிடும். உள்ளுக்கயே இறுகினது வெளிய வந்து கல்லாகும். மேல பொன்னிறமாகட்டும் எண்டு காத்திருக்காதேங்கோ, இது வடை இல்லை.

மாவைக் கோப்பையால அமத்தி அளந்திருந்தா அதுவும் ஒரு காரணம். தராசு வாங்குங்கோ.

மாங்குளம்: புளி ரெண்டு மடங்கு விட்டும் தேசிக்காய் ருசி வரேல்லை. சோடாவையும் கூட்டினன்.

இது நல்ல கேள்வி. ஒரு மேசைக்கரண்டி தேசிப்புளியில கிட்டத்தட்ட ஒரு கிராம் சித்திரிக்கமிலம் இருக்கும், புளிப்பே அதுதான். கால் தேக்கரண்டி அப்பச்சோடா அதை அப்பிடியே முறிச்சுப் போடும். நுரைச்சு வாற காற்றுத்தான் அது. நீங்கள் புளியையும் கூட்டி, சோடாவையும் கூட்டினா, புளிப்பு போன இடம் தெரியாது. மிஞ்சின சோடா சவர்க்கார ருசி தரும். புளி மட்டும் கூடினா மா தண்ணியாகும், குக்கி வெளிறிப்போய்க் கேக்குத்துண்டு மாதிரி வரும்.

ருசி வேற, மணம் வேற. தேசிக்காய் மணம் தோலில இருக்கிற எண்ணெயில. அந்த எண்ணெய் தண்ணியில கரையாது, பட்டரில கரையும். சீனியோட கசக்கினா எண்ணெய் வெளிய வந்து பட்டரோட சேரும், அதாலதான் அப்பிடிச் சொன்னனான். நாக்கில புளிப்பும் வேணுமெண்டா, ஆறின குக்கிக்கு மேல ஐசிங் சீனியில கொஞ்சம் தேசிப்புளி விட்டுக் குழைச்சுப் பூசுங்கோ. அங்க சோடா இல்லை, புளிப்பு அப்பிடியே நிக்கும். (வெள்ளையைச் சுரண்டேல்லைத்தானே?)

மல்லாவி: அவண் இல்லாத ஆக்கள் என்ன செய்யிறது?

மல்லாவியில இருந்தோ கேக்கிறீங்கள்! 96 இல கிளிநொச்சியில இருந்து இடம்பெயர்ந்து அங்கதான் இருந்தனாங்கள். கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் விலை சொல்லத் தேவையில்லை. அம்மா தம்பியின்ர பிறந்தநாளுக்குச் சட்டிக்குள்ள மணல் போட்டுக் கேக் அவிச்சவ.

அடி கனமான பெரிய சட்டி. காய்ஞ்ச மணல் ரெண்டு விரல் உயரத்துக்கு. ஈர மணல் எண்டா ஆவி வந்து குக்கி சளசளத்துப் போகும், முதல்ல வறுத்து எடுங்கோ. அதுக்கு மேல ஒரு தகரப் பேணி மூடியைக் கவுட்டு வைச்சு, அதிலதான் தட்டு. மூடிக் கால் மணித்தியாலம் சூடாக்குங்கோ. கீழ நெருப்புக் கொஞ்சம் போதும், மூடிக்கு மேல சிரட்டைத் தணல் பரப்பவேணும். மேல சூடு இல்லாட்டி அடி கருகும், மேற்பக்கம் பச்சையா நிக்கும். 15 நிமிசத்தில ஒருக்காத் திறந்து பாருங்கோ, சும்மா சும்மா திறக்காதேங்கோ. தட்டுக்கு ஆறு ஏழுதான் கொள்ளும். ஆனா அந்தத் தணல் மணம் என்ர அவணில ஒருநாளும் வந்ததில்லை.

வவுனியா: பிள்ளை, பேரே பிழை. லெமன் எண்டா எலுமிச்சை. நீர் போடுறது தேசிக்காய், அது லைம். ரெண்டும் ரெண்டு பழம்.

அண்ணை, நான் தேசிக்காய் எண்டுதானே சொன்னனான். லெமன் குக்கி மஞ்சள் லெமனில பிறந்ததுதான், ஒத்துக்கொள்ளுறன். தோல் தடிப்பு, சுரண்டச் சுகம், மணமும் கொஞ்சம் இனிப்பு. ஆனா எங்கட வளவுக்குள்ள காய்க்கிறது தேசிதான். தமிழ்நாட்டுக் குறிப்பில எலுமிச்சை எண்டு எழுதினாலும் அது பெரும்பாலும் எங்கட தேசிக்காய்தான்.

நெடுங்கேணி: எங்கட வீட்டில பெரிசா, தோல் மொத்தமா ஒண்டு காய்க்குது. அம்மம்மா அதைத்தான் எலுமிச்சை எண்டுறவ.

நாரத்தையாக்கும், அம்மா. ஊறுகாய் போடுங்கோ.

நெடுங்கேணி: நாரத்தை எங்களுக்குத் தெரியாதோ? அது வேற மரம், கிணத்தடியில நிக்குது.

அப்ப ஒரு காயை வெட்டிப் படம் எடுத்து அனுப்புங்கோ. பாக்காமல் இனிப் பேர் சொல்லமாட்டன்.

வவுனியா: பேர் கிடக்கட்டும். தேசித்தோல் கசக்கும், அதுக்கு என்ன சொல்லுறீர்?

கசக்கிறது வெள்ளை, அண்ணை. தேசித்தோல் மெல்லிசு, ஒரு இழுவை கூடினா வெள்ளை வந்திடும். பச்சைக் காயை விட்டிட்டு, மரத்தில பழுத்து மஞ்சளானதை எடுத்துச் செய்து பாருங்கோ. காரம் குறைஞ்சு, நீங்கள் சொல்லுற லெமனுக்குக் கிட்ட வரும். செய்து பாத்திட்டு வந்து சண்டை பிடியுங்கோ.

ஓமந்தை: பட்டருக்குப் பதிலா மாஜரின்?

வரும். மணம் குறையும், கொஞ்சம் விரியும். மா ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கோ.

வற்றாப்பளை: பொங்கலுக்கு விரதம். முட்டை இல்லாமல்?

தயிரைத் துணியில கட்டித் தொங்கவிட்டு, தண்ணி வடிஞ்ச பிறகு மூண்டு மேசைக்கரண்டி. தயிரும் புளிதானே, அதால தேசிப்புளியை ஒரு மேசைக்கரண்டியோட நிப்பாட்டுங்கோ.

துணுக்காய்: முட்டை போடாட்டி?

வற்றாப்பளைக்குச் சொன்னது.

பூநகரி: சின்ன அவண் வைச்சிருக்கிறன், அடி கருகுது.

கம்பி கிட்ட இருக்கும். 160 இல வைச்சு, தட்டை நடுத்தட்டில. ரெண்டு தட்டை ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சாலும் அடி தப்பும்.

முள்ளியவளை: கனடாவில இருக்கிற அண்ணாவுக்கு அனுப்பலாமோ?

மெத்தெண்ட குக்கி நாலைஞ்சு நாள்தான் நல்லா இருக்கும். பேணிக்குள்ள ஒரு பாண் துண்டு போட்டு வைச்சா காயாது, ஆனா கனடா போய்ச் சேரும்வரைக்கும் தாங்காது. அண்ணாவுக்குப் பயித்தம் பணியாரம் அனுப்புங்கோ.

கிளிநொச்சி: அவண் இல்லாமல் செய்யேலாதோ அக்கா?

மல்லாவிக்கு ஒரு முழம் எழுதியிருக்கிறன்.

முழங்காவில்: அக்கா, அம்மா மோருக்குத் தேசி இலை கசக்கிப் போடுறவ. குக்கிக்குப் போட்டா?

இதை நான் யோசிக்கேல்லை, தம்பி! இலையிலயும் எண்ணெய் இருக்கு, வெள்ளைப் பிரச்சினையும் இல்லை. குருத்து இலை நாலைஞ்சைக் கிழிச்சு, பட்டரை உருக்கி அதில ஊறவிட்டு, வடிச்சு, திரும்பக் குளிரவைச்சு அடிச்சா வரவேணும். நாரைக் கட்டாயம் வடிக்கவேணும். நாளைக்கே செய்து பாக்கிறன்.

வவுனியா: மஞ்சள் பழத்தில செய்தன். கசக்கேல்லை. ஆனா அது லெமன் இல்லை.

அண்ணை, எத்தினை திண்டனீங்கள்?

வவுனியா: பதினொண்டு.

புளியங்குளம்: அக்கா, மெத்தெண்டு வர எத்தினை நிமிசம் விடவேணும்?

ஐயோ பிள்ளை. பத்து.