விசுவாசத்துக்கு வந்தவள் கணவரை விடவேண்டுமா?

அன்புள்ள ஐயா,

என் தங்கை தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறாள். இந்துக் கோயிலில் கலியாணம் நடந்து பத்து வருடம், இரண்டு பிள்ளைகள். போன வருடம் ஞானஸ்நானம் எடுத்தாள். மச்சான் தடுக்கவில்லை. இப்போது ஜெபக் கூட்டத்தில் சிலர், "அவிசுவாசியோடு பிணைக்கப்படாதே, விலகி வா" என்கிறார்கள். கோயில் கலியாணம் தேவனுக்கு முன் செல்லாதாம். வேதம் அப்படியா சொல்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இல்லை. இதை இன்றைக்கே தங்கையிடம் சொல்லுங்கள்.

அவர்கள் காட்டுவது 2 கொரிந்தியர் 6:14. அந்தப் பகுதியில் திருமணப் பேச்சே கிடையாது; விக்கிரக வழிபாட்டில் பங்காளியாகாதே என்பதுதான் விஷயம். சபைகள் அதைத் திருமணத்துக்கும் பொருத்துவதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அது இனிமேல் மணமுடிக்கப் போகிறவர்களுக்கு. விதவை மறுமணம் செய்தால் கர்த்தருக்குட்பட்டவரையே மணக்கவேண்டும் என்று 1 கொரிந்தியர் 7:39 நேராகவே சொல்கிறது.

உங்கள் தங்கையின் நிலைமைக்கு அதே அதிகாரத்தின் 12 முதல் 16 வரை வாசியுங்கள். விசுவாசியாத கணவன் கூட வாழச் சம்மதித்தால் மனைவி அவனை விடக்கூடாது. அவள்மூலம் அவன் பரிசுத்தமாக்கப்படுகிறான், பிள்ளைகளும் பரிசுத்தர். பவுல் இதை எழுதியபோது இப்படிப்பட்ட கொரிந்துத் தம்பதிகள் யாரும் சபையில் மணந்தவர்கள் அல்லர். பழைய வழக்கப்படி மணந்து, பிறகு ஒருவர் விசுவாசத்துக்கு வந்தவர்கள். அந்தத் திருமணங்களைச் செல்லாதவை என்று அவர் சொல்லவில்லையே! அந்நிய மனைவிகளைத் தள்ளிவிட்டதைச் சொல்லும் எஸ்றா 10-ஐச் சிலர் எடுப்பார்கள். அது சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதருக்கு நேர்ந்த காரியம். சபைக்குக் கட்டளை 1 கொரிந்தியர்தான்.

15-ஆம் வசனம் அவிசுவாசி தானாகப் பிரிந்து போவதைப் பற்றியது. சம்மதத்தோடு இருக்கும் மச்சானுக்கு அது பொருந்தாது.

வீட்டில் சிக்கல் வருவது பெரும்பாலும் சாப்பாட்டிலும் திருவிழாவிலும். 1 கொரிந்தியர் 10:25-28 போதும்: கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடலாம், படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் வேண்டாம். மச்சான் காவடிக்கு விரதமிருந்தால் மரக்கறி சமைத்துக் கொடுப்பதில் பாவமில்லை. அவள் காவடி எடுக்கவேண்டியதும் இல்லை. அவரோடு வாதாடி ஜெயிக்க முயல்வதுதான் பெரிய தவறு. 1 பேதுரு 3:1 போதனையின்றி நடக்கையினால் ஆதாயப்படுத்து என்கிறது. வட ஆப்பிரிக்காவில் புனித அகுஸ்தீனின் தாய் மோனிக்கா அப்படித்தான் வாழ்ந்தாள். கணவன் பத்ரீசியுஸ் கடைசிக் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றான்.

அடி உதை இருந்தால் பேச்சே வேறு. பொறுத்திரு என்று எந்த வசனத்தையும் அங்கே நீட்டக்கூடாது. பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்குப் போய், 1998-ஆம் வருட குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கவேண்டும்.