பதில்: எல்லாரும் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள், ஆய்வை எப்படி எழுதுவது?

கோத்தகிரியில் ஒன்பதாம் வகுப்புக்கு பிஎச்க்யூ-9 (மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாள்; பூஜ்யம் என்றால் ‘அந்தத் தொல்லையே இல்லை’) கொடுத்தேன், முக்கால்வாசிப் பேர் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டார்கள் என்கிறீர்கள். தயவுசெய்து அதை ‘மனச்சோர்வு இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். தாளை வாங்கியது வகுப்பாசிரியர் என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். எஸ்டேட் லயனில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது யார் மனம் திறப்பார்கள்? குன்னூரில் என் ஆய்வின்போது ஒரு பெண் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டே 2-ஐக் குறித்தாள்; அப்புறம் அழித்து 0 ஆக்கினாள். அந்த ரப்பர் தடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஒன்பதாவது கேள்வி சாவு எண்ணத்தைப் பற்றியது. ஒரு பிள்ளை அதைக் குறித்தால் அன்றைக்கே யார் பேசுவது என்று முடிவு செய்யாமல் அந்தத் தாளைக் கொடுக்கவே கூடாது.

நலனை அளப்பதுதான் நோக்கம் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூஎச்ஓ-5 கேள்வித்தாள் போதும். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஐந்தே கேள்விகள், எல்லாம் நல்லவிதமாகக் கேட்பவை. கூட்டுத்தொகையை 4-ஆல் பெருக்கினால் 100-க்கு எவ்வளவு என்று வந்துவிடும். பெயருக்குப் பதில் எண் போடுங்கள், பட்டியல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். ஆசிரியர் வெளியே நிற்கட்டும். கிளம்பும் முன் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416-ஐப் பலகையில் பெரிதாக எழுதிவிட்டு வாருங்கள்.